கிளைகளுக்கு வெளியே மூன்று மீட்டர்

கோர்ட்டெலாத்தி, தென்கரை
1997 ஜனவரி 21, செவ்வாய், காலை 7.10
போட்ட துளைகள்: 14

இர்யா,

சனிக்கிழமை மாலை 4.20க்கு நீ ஏரியில் விழுந்தாய். அதன் பிறகு மூன்று முறை போன் செய்தேன், வைத்துவிட்டாய். ஞாயிறன்று பதினேழு கிலோமீட்டர் காரில் சுற்றி வந்து உன் கதவைத் தட்டினேன். உள்ளே ரேடியோவைச் சத்தமாக வைத்தாய். உறைந்த ஏரிமேல் நேராக நடந்தால் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் 640 மீட்டர். இவ்வளவு பக்கத்தில் இருப்பவளுக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. இதை என் பெட்டியிலிருந்து எடுத்து, முத்திரைக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் உன் வீட்டுப் பெட்டியில் போடப்போவதும் நீதான். இந்த ஊருக்கு இருப்பது ஒரே தபால்காரி. நான் என்ன செய்ய?

விஷயத்துக்கு வருகிறேன். நம் பதினோரு வீட்டுப் பொதுச் சவுனாவில் வெந்து வியர்த்துவிட்டு நாம் முங்கி எழும் பனிக்குழிக்கு இந்தக் குளிர்காலம் நான் பொறுப்பாளர். போன வருஷம் வரை தினம் ஒரு வீடு முறை வைத்து, இரவில் உறைந்ததைக் காலையில் கடப்பாரையால் உடைத்துக்கொண்டிருந்தீர்கள். நாற்பது நிமிட வேலை. நான் பம்பு வைத்தேன். ஏரியின் அடித்தண்ணீர் நாலு டிகிரி, மேல்தண்ணீர் பூஜ்யம். அடியில் இருப்பதை மேலே தள்ளிக்கொண்டே இருந்தால் குழி உறையாது. எல்லோரும் கை தூக்கினீர்கள். நீ மீன் அடைத்த ரை ரொட்டிகூடச் செய்து கொண்டுவந்தாய்.

குழியைச் சுற்றி ஊசியிலைக் கிளைகளை நட்டவனும் நான்தான். விளிம்பிலிருந்து இரண்டு எட்டு, ஒன்றரை மீட்டர். இந்த ஏரியில் யார் குழி வெட்டினாலும் வைக்கிற அளவு அது. கிளைக்கு வெளியே எங்கேயும் நடக்கலாம். உள்ளே ஏணிப் பக்கம் மட்டும் போகலாம். இது இங்கே நடக்கப் பழகும் பிள்ளைக்கே தெரியும்.

நேற்றும் இன்றும் துரப்பணத்தால் துளை போட்டு அளந்தேன். கிளைக்கு வெளியே பனிப்பாளம் எங்கேயும் 30 சென்டிமீட்டருக்குக் குறையவில்லை. அதன்மேல் கார் ஓட்டலாம். உன்னையும், நீ காலால் உதைத்துப் பனிமேல் ஓட்டிவந்த உதைவண்டியையும் சேர்த்து எடை போட்டாலும் நூறு கிலோ வராது. ஆகவே நீ கிளைக்கு உள்ளே வந்திருக்கிறாய். இருட்டிக்கொண்டு வந்த நேரம், உன் தலைவிளக்கும் பழசு. உன்னைத் திட்டவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

நகராட்சி பிப்ரவரி 5க்குள் அறிக்கை கேட்கிறது. ஒரே ஒரு வரி போதும்: 'நான் கிளைக்கு உள்ளே வந்துவிட்டேன்.' எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. மணிக்கட்டு எப்படி இருக்கிறது என்றும் எழுது.

தனெலி


வடகரை
ஜனவரி 24, வெள்ளி

மதிப்பிற்குரிய பொறியாளர் தனெலி ரிஸ்ஸனென் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தைச் செவ்வாய் காலை 11.40க்குத் தங்கள் பெட்டியிலிருந்து எடுத்தேன். உறைமேல் என் பெயரைப் பார்த்ததும் வழியில் ஏதாவது பள்ளத்தில் எறிந்துவிடலாமா என்று இருந்தது. பதினான்கு வருட வேலையில் ஒரு கடிதத்தையும் அப்படி எறிந்தவள் இல்லை. உங்களுக்காக ஆரம்பிப்பானேன் என்று விட்டுவிட்டேன். நேற்று எனக்கு நானே விநியோகம் செய்துகொண்டேன். என் நாயே என்னைப் பார்த்துக் குரைத்தது.

மணிக்கட்டு எப்படி இருக்கிறது என்று இந்தக் கையெழுத்தைப் பார்த்தால் தெரியும்.

நடந்ததைச் சொல்கிறேன் என்கிறீர்கள். நடந்தபோது அங்கே இருந்தவள் நான். எப்போதும் போலத்தான் வந்தேன். சவுனா ஜன்னல் வெளிச்சத்தில் கிளைகள் கறுப்பாகத் தெரிந்தன. கிளை வரிசைக்கு நாலு எட்டு முன்னாலேயே வண்டியை நிறுத்துவேன். ஒன்பது குளிர்காலமாக அங்கேதான் நிறுத்துகிறேன். அன்றைக்கும் நிறுத்தினேன். வண்டி நாற்காலியில் இருந்த துண்டுப் பையை எடுக்கக் குனிந்தேன். பனிப்பாளம் உடைந்தால் வேட்டுச் சத்தம் கேட்கும் என்பார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காபியில் ஊறின ரொட்டி மாதிரி அப்படியே கீழே போயிற்று. முதலில் வண்டி, பின்னாலேயே நான்.

தினமும் தண்ணீரில் இறங்குகிறவள் என்பதால்தான் பிழைத்தேன். அந்த முதல் மூச்சை இழுக்காமல் அடக்கி, மெதுவாக விட வேண்டும் என்பது உடம்புக்குத் தெரிந்திருந்தது. பனி ஆணிகள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. வந்த திசைக்கே திரும்பி, ஆணிகளைக் குத்திக் குத்தி வயிற்றால் ஊர்ந்தேன். விளிம்பு நாலு தடவை என்னோடு சேர்ந்து உடைந்தது.

நீங்கள் இடுப்பில் துண்டோடும் காலில் கம்பளிச் செருப்போடும் ஓடிவந்து ஏணியை நீட்டினீர்கள். அதை நான் மறுக்கவில்லை. உடை மாற்றும் அறைப் பெஞ்சில் கொண்டுபோய் உட்கார வைத்தீர்கள். எனக்குப் பல் தந்தியடிக்கிறது. நீங்கள் கையில் போர்வையை வைத்துக்கொண்டு, அதை என்மேல் போடாமல் கேட்டீர்கள்:

"கிளைக்கு உள்ளயா, வெளியயா?"

பொறியாளர் ஐயா, நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தது அதற்காகத்தான்.

இன்னொன்று. பதினான்கு துளை போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு நாள் காலையிலும் என் சமையலறை ஜன்னலிலிருந்து தொலைநோக்கியில் உங்கள் தலைவிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏணிப் பக்கம் ஐந்து. சவுனாவுக்குப் போகும் பாதையில் ஆறு. பக்கவாட்டில் மூன்று. ஏரிப் பக்கம், நான் வந்த பக்கம், ஒன்றுகூட இல்லை. உங்கள் கல்லூரியில் திசை மொத்தம் எத்தனை என்று சொல்லிக் கொடுத்தார்கள்?

நீங்கள் கேட்ட வரியை எழுத மாட்டேன். பம்பை நிறுத்துங்கள்.

இர்யா தொல்வனென்


தென்கரை
ஜனவரி 27, திங்கள், காலை 6.50

இர்யா,

'நீங்கள்' எல்லாம் வேண்டாம். போன கோடையில் என் படகைக் கவிழ்த்துவிட்டு "நீந்தத் தெரியுமாடா உனக்கு?" என்று கேட்டவள் நீ.

அந்தக் கேள்வியைக் கேட்டேன். ஆமாம். பின்னால் வேறு யாராவது அந்தப் பக்கம் வந்தால் எங்கே நிறுத்துவது என்று தெரிய வேண்டும், அதற்காகக் கேட்டேன். எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பம்பை நிறுத்த மாட்டேன். நிறுத்தினால் தப்பு பம்பில் என்று ஆகிவிடும். அதை இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. ஏரிப் பக்கம் ஏன் துளை போடவில்லை என்று கேட்கிறாய். பம்பின் வாயை ஏரிப் பக்கமாகத் திருப்பி வைத்தவன் நான். சனிக்கிழமையானால் ஏணிப் பக்கம் ஈரக்காலோடு பத்துப் பேர் நிற்கிறார்கள், அங்கே பாளம் கெட்டியாக இருக்க வேண்டும். ஏரிப் பக்கம் யாரும் வருவதில்லை, உன்னைத் தவிர.

இப்படி எழுதினால் படிக்கிறவளுக்கு எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரிகிறது. எழுதியதை அடிக்கிற பழக்கம் எனக்கு இல்லை, இருக்கட்டும்.

நேற்று என்சியோ வந்தார். நம் சவுனாக் குழுத் தலைவர் வந்தால் முதலில் குளிர் எத்தனை டிகிரி, அப்புறம் நாய், அப்புறம் காபி. மூன்றாவது கோப்பையில்தான் விஷயம் வரும்.

"தம்பி, நான் ஒண்ணும் சொல்லல. நீ படிச்சவன். அந்தப் பொண்ணு கிளைக்கு உள்ள வந்துட்டான்னு வச்சுக்கோ, நகராட்சி ஒரு முத்திரையக் குத்தி ஃபைல மூடிடும். கிளையே தப்பான எடத்துல இருந்துச்சுன்னு வச்சுக்கோ, குழியவே மூடிடும்."

"வச்சுக்கோன்னா? நடந்தத எழுதணும்."

"அதத்தான நானும் சொல்றேன். என்ன நடந்துச்சுன்னு நீதான எழுதப்போற?"

"அவ வெளியதான் இருந்தேன்னு எழுதியிருக்கா."

"தண்ணிக்குள்ள போய்ட்டு வந்தவ எதத்தான் சொல்ல மாட்டா? என் மச்சான் ஒரு தடவ விழுந்து எந்திரிச்சு, ஏரிக்குள்ள தேவாலய மணி கேட்டுச்சுன்னான். பக்கத்துல தேவாலயமே கிடையாது."

சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு எரிச்சலாக இருந்தது. நான் சொன்னதையேதான் அவரும் சொல்கிறார். ஆனால் அவர் வாயில் அது வேறு மாதிரிக் கேட்கிறது. நான் அளந்துவிட்டுச் சொன்னேன். அவர் ஒன்றும் அளக்கவில்லை.

சனிக்கிழமை ஏரிப் பக்கமும் துளை போடுகிறேன். உன் வாயை அடைப்பதற்காக மட்டும்.

தனெலி


வடகரை
ஜனவரி 30, வியாழன்

தனெலி அவர்களுக்கு,

இன்று கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தேன். கல்லாவில் இருக்கும் அம்மா கேட்கிறாள்:

"ஏம்மா இர்யா, தூங்கிக்கிட்டே வண்டி விட்டியாமே?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எல்லாரும் பேசிக்கிறாங்க."

உங்கள் என்சியோ யாரிடமும் ஒன்றும் சொல்லாமலேயே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டி எனக்கு. நேற்று ஒவ்வொரு வாசலிலும் யாராவது ஒருவர் வந்து நின்று மணிக்கட்டைப் பார்த்தார்கள், பிறகு என் கண்ணைப் பார்த்தார்கள். தூக்கம் தெளிந்துவிட்டதா என்று சோதிக்கிறார்களாம்.

இதை எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் இருந்தேன். செவ்வாய் மதியம், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் காரில் சுற்றிக்கொண்டு உங்கள் கரைக்கு வந்தேன். துணியை மாற்றிக்கொண்டு ஏணிக்குப் போனேன். முதல் படியில் கால் வைத்தேன். கணுக்கால் வரை தண்ணீர். மூச்சு உள்ளேயே நின்றுவிட்டது. நாலு தடவை விளிம்பு உடைந்தபோதுகூட நிற்காத மூச்சு. ஏணியைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கம்பியில் கை ஒட்டிக்கொண்டது, தோலை உரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

குளிரில் முங்குவது உங்களுக்கெல்லாம் சனிக்கிழமை விளையாட்டு. சவுனாவில் வேகிறீர்கள், கத்திக்கொண்டே குதிக்கிறீர்கள், தொத்திறைச்சி தின்கிறீர்கள். எனக்கு அப்படி இல்லை. நாள் முழுக்க எல்லோரும் என்னிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தண்ணீருக்குள் இருக்கிற அந்த ஒரு நிமிடம்தான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத நிமிடம். என் கணவன் விட்டுப்போன குளிர்காலத்தில் ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு, விழுந்த நாள் வரைக்கும், குளிர்காலத்தில் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. இந்தக் குளிர்காலத்துக்குள் மறுபடி இறங்கவில்லை என்றால் இனி எப்போதும் இறங்க மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

நீங்கள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது அதுதான். வண்டி போனால் போகட்டும்.

சனிக்கிழமை ஏரிப் பக்கம் போவதாக இருந்தால் தனியாக நின்றுகொண்டு துளை போடாதீர்கள். ஏணியைப் படுக்க வைத்து அதன்மேல் படுத்துக்கொண்டு போங்கள். இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைச் சவுனா தூணில் கட்டுங்கள். அக்கறை எல்லாம் இல்லை. நீங்கள் செத்தால் என் கடிதங்களை யாருக்குப் போடுவது?

இர்யா


தென்கரை
பிப்ரவரி 1, சனி, மாலை 4.30
ஏரிப் பக்கம் போட்ட துளைகள்: 9

இர்யா,

கயிறு கட்டினேன். ஏணியில் படுத்துத்தான் போனேன்.

குழி விளிம்பிலிருந்து ஏரிப் பக்கமாக, பாளத்தின் கனம்: இரண்டு மீட்டரில் 3 சென்டிமீட்டர். மூன்றில் 4. நான்கரையில் 5. ஆறில் 7. எட்டில் 12. பத்தில் 19. பன்னிரண்டில் 27. அதற்கப்பால் 33, 34. இரண்டாவது துளையைத் துரப்பணத்தால் போடவே இல்லை. முனை பட்டதும் உள்ளே போய்விட்டது. மேலே பனி ஒரு சாண் உயரத்துக்குப் படிந்திருந்ததால் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அந்தப் பக்கம் முழுக்க, கிளைக்கு வெளியே பத்து மீட்டர் வரைக்கும், பம்புத் தண்ணீர் பாளத்தை அடியிலிருந்து தின்றிருக்கிறது.

மூன்றாவது துளையை அகலமாக்கி விளக்கை இறக்கினேன். உன் உதைவண்டி அடியில் நேராக நிற்கிறது, யாரோ நிறுத்திவிட்டுப் போன மாதிரி. கொக்கியால் மேலே இழுத்தேன். அது நின்ற இடம் குழி விளிம்பிலிருந்து 4.60 மீட்டர். கிளையிலிருந்து 3.10.

நாலு எட்டு என்றாய். சரி.

குறி தப்பு. வைத்தவன் நான். தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்து, அந்தப் பக்கமே பம்பைத் திருப்பி, அந்தப் பக்கம் மட்டும் அளக்காமல் விட்டேன். கையால் வெட்டுகிற குழிக்கு இரண்டு எட்டு போதும். என் குழிக்குப் போதாது. மற்ற எல்லாவற்றையும் மாற்றினேன், அந்த அளவை மாற்றவில்லை. ஏனென்றால் அதை யாரும் யோசித்து வைப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை.

பம்பை 3.52க்கு நிறுத்தினேன். கிளைகளைப் பிடுங்கிப் பதினைந்து மீட்டரில் நட்டிருக்கிறேன். என்சியோ சவுனா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "தம்பி, காடு வளக்குறியா?" என்றார். நான் அடுத்த கிளையை நட்டேன்.

உண்மையை எழுதினால் குழி போய்விடும் என்கிறார். அப்படியானால் உன் குளிர்காலமும் போய்விடும். வண்டி என் கொட்டகையில் உலர்கிறது. இப்போது நான் என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாக எழுது. சுற்றி வளைக்காதே.

தனெலி


வடகரை
பிப்ரவரி 3, திங்கள்

தனெலி,

உன் கடிதத்தை இன்று பெட்டியிலிருந்து எடுத்ததும் காரிலேயே பிரித்துவிட்டேன். முத்திரைக்கு அனுப்பவில்லை. வேலையில் சேர்ந்ததிலிருந்து இப்படிச் செய்தது இதுதான் முதல் தடவை. இந்தக் கடிதத்துக்கும் தபால்தலை ஒட்டவில்லை, நாளைக்கு நானே உன் பெட்டியில் போடுவேன். ஐந்தாம் தேதி வந்துகொண்டிருக்கிறது.

நேற்று என்சியோ இங்கேயும் வந்தார். மூன்று கோப்பை.

"இர்யா, நான் ஒண்ணும் கேக்கல. ஒரு கையெழுத்து. அதுல ஒனக்கு என்ன கொறஞ்சு போகுது?"

"என் பேரு."

"பேரு ஏப்ரல்ல பனியோட கரஞ்சு போயிடும். குழி போனா திரும்பி வருமா?"

"காபியக் குடிச்சிட்டுக் கெளம்புங்க."

"இன்னும் சூடா இருக்கே."

"அப்ப கோப்பையோட கெளம்புங்க."

கோப்பையோடு போய்விட்டார். இன்றுவரை திருப்பித் தரவில்லை.

நேற்றுவரை அப்படி இருந்தேன். இன்று உன் கடிதத்தில் 'குறி தப்பு, வைத்தவன் நான்' என்று படித்தேன். காரை ஓரமாக நிறுத்திவிட்டு இன்னொரு தடவை படித்தேன். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஊருக்கும் நகராட்சிக்கும் தெரிந்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. கடைக்காரம்மா இன்னும் நாலு நாள் கேட்பாள், அப்புறம் வேறு யாராவது ஏதாவது செய்வார்கள்.

தெளிவாக எழுது என்றாய், எழுதுகிறேன். நான் உள்ளே வந்ததாக அறிக்கை கொடு. பம்பு நின்றுவிட்டது, கிளை தள்ளிப் போய்விட்டது, இனி யாருக்கும் ஆபத்து இல்லை. நீ முதல் கடிதத்தில் கேட்ட வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். எனக்குக் குழி வேண்டும், தனெலி. நான் சொன்னது சரி என்று தெரிந்துகொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பதற்கு, தப்பு என்று பேர் வாங்கிக்கொண்டு தண்ணீரில் இறங்குவது மேல். பதினோரு வீடும் என்னால் சவுனாவை இழந்தோம் என்று இருபது வருஷம் பேசும். அதையும் சேர்த்து யோசி.

அனுப்பிவிடு. யோசித்துக்கொண்டு நிற்காதே, அது உனக்கு வராது.

இர்யா


தென்கரை
பிப்ரவரி 9, ஞாயிறு, மாலை 6.40
மூட ஐந்து, திறந்து வைக்க மூன்று, படி இறங்கியவர்கள் இரண்டு, வராதவள் ஒருத்தி

இர்யா,

உன் தாளை அனுப்பவில்லை. அடுப்பில் போட்டுவிட்டேன். புதன்கிழமை போன அறிக்கையில் ஏரிப் பக்கத்து ஒன்பது துளையும், வண்டி நின்ற இடமும், என் பெயரும் இருக்கின்றன. உன்னிடம் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய், பிறகு அதற்கு இரண்டு கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

ஏன் என்று கேட்பாய். பம்பு வைத்த குழி இந்த மாவட்டத்தில் இனி நிறைய வரும். நாற்பது நிமிடம் கடப்பாரை பிடிக்க யாருக்கும் ஆசை இல்லை. நீ உள்ளே வந்தாய் என்று நான் எழுதினால், இரண்டு எட்டு சரி என்று எழுதியதாக அர்த்தம். அதை நம்பி எவனாவது எங்கேயாவது கிளை நடுவான். அங்கே விழுகிறவளுக்கு மூச்சை அடக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? இது ஒரு காரணம். இன்னொன்று, நான் செய்த தப்புக்கு நீ பேர் கொடுக்கிறாய் என்றதும் எனக்குக் கோபம் வந்தது. இன்னும் போகவில்லை.

என்சியோ பயமுறுத்தினாரே, அதில் பாதி பொய். வெள்ளிக்கிழமை நகராட்சி ஆள் போனில் சொன்னது இதுதான்: புதுக் குறிகளுக்குக் குழு பொறுப்பேற்று எழுதிக் கொடுத்தால் குழி இருக்கலாம், இல்லாவிட்டால் மூட வேண்டும். நீ உள்ளே வந்ததாக யாருமே சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒருவர் பொறுப்பேற்றால் போதும்.

இன்று மதியம் கூட்டம். வழக்கம் போலச் சவுனா படிகளில்தான், துண்டைக் கட்டிக்கொண்டு. விதிகள் உனக்குத் தெரியும்: குரல் உயர்த்தக் கூடாது, படியை விட்டு இறங்கினால் வாக்கு கிடையாது. மூன்றாவது விதி ஒன்று இருக்கிறது, அது என்சியோவுக்கு மட்டும் தெரியும்: தண்ணீர்க் கரண்டி தலைவர் கையில்.

மேல்படியில் உட்கார்ந்து அறிக்கையை வாசித்தேன். வாசித்து முடிப்பதற்குள் தாள் நைந்துவிட்டது.

"சரி, பொறுப்புன்னு யாரு கையெழுத்துப் போடறது?" என்றார் என்சியோ. சூடான கல்மேல் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினார், ஆவி மேல்படிக்கு ஏறிச் சுட்டது.

"நான் போடறேன்."

"நீ நட்ட கிளைதான தம்பி நம்ம எல்லாரையும் இங்க கொண்டாந்து உக்கார வச்சிருக்கு?" இன்னொரு கரண்டி.

"ஆமா. அதனாலதான் நான் போடறேங்கறேன். எங்க தப்பு வரும்னு இந்த ஊர்லயே எனக்குத்தான் நல்லாத் தெரியும்."

"கேட்டீங்களா? தப்புப் பண்ணுனவன்கிட்டயே சாவியக் குடுக்கணுமாம்." மூன்றாவது கரண்டி.

சுவர் வெப்பமானி 106 காட்டியது. பின்னாலிருந்து யாரோ, "என்சியோ, போதும்யா, காது வேகுது," என்றார்கள். இரண்டு பேர் இறங்கி வெளியே ஓடினார்கள். இரண்டும் நம் பக்கத்து வாக்கு. அவருக்கும் அது தெரியும். நாலாவது கரண்டியை ஊற்றிவிட்டு, கை தூக்கச் சொன்னார்.

ஐந்துக்கு மூன்று. குழி மூடப்படுகிறது. செவ்வாய்க்கிழமை ஏணியை எடுக்கிறார்கள்.

இறங்கும்போது சொன்னேன், குரல் உயர்த்தாமல்தான்: "இர்யா கிளைக்கு வெளியதான் நின்னா. மூணு மீட்டர் பத்து சென்டிமீட்டர். இன்னைக்கு இங்க கேட்டவங்க நாளைக்குக் கடையில போய்ச் சொல்லுங்க. தூங்கிட்டு வந்தான்னு இனி யாராவது சொன்னா, அவங்க வீட்டு வாசலுக்கே வந்து கணக்க வாசிப்பேன். ஒன்பது துளையும் வாசிப்பேன்."

"விடுப்பா, ஒரு பொண்ணுக்காக..." என்றார் என்சியோ.

"அவ கோப்பையத் திருப்பிக் குடுங்க முதல்ல," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் மூட வாக்களித்த ஐந்து பேரும் இருந்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கையெழுத்துப் போடப் பயப்படுகிறவர்கள்.

அவர்கள் குழி அவர்களோடு. என் படகுத்துறைக்கு முன்னால் இருக்கும் தண்ணீரில் குழி வெட்ட எனக்கு எந்தக் குழுவும் வேண்டாம். குறி வைக்க வேண்டும், அவ்வளவுதான். என் சவுனாக் கொட்டகை சின்னது, மூன்று பேர் நெருக்கி உட்காரலாம். புகைக்குழாய் விரிசல் விட்டு மூன்று வருடமாகக் குளிர்ந்து கிடக்கிறது. அடுப்பும் குழாயும்தான் என் படிப்பு. அதையாவது ஒழுங்காகச் செய்கிறேன்.

நீ இறங்குவாயா என்று எனக்குத் தெரியாது. அதை அளக்க என்னிடம் கருவி இல்லை. இறங்குவதற்குத் தண்ணீர் இருக்கும். அதை மட்டும் நான் சொல்ல முடியும்.

தனெலி

செய்யப்போவது:

1. நாளை காலை 6.30க்கு என் துறையில் குழி வெட்டுவேன். இரண்டு மீட்டருக்கு ஒன்றரை. கடப்பாரையால். பம்பு கிடையாது.

2. சுற்றி எட்டுத் திசையிலும் துளை போட்டு அளப்பேன். ஏரிப் பக்கம் முதலில்.

3. உன் கரையிலிருந்து என் கரை வரைக்கும் 25 மீட்டருக்கு ஒரு துளை, மொத்தம் 26. உன் படித்துறையிலிருந்து ஆரம்பித்து இங்கே முடிப்பேன். பாதையின் இரண்டு பக்கமும் கிளை நடுவேன். தொலைநோக்கியில் சரி பார்த்துக்கொள்.

4. துறையில் பலகை வைப்பேன்: 'வெட்டியது, அளந்தது, குறி வைத்தது: தனெலி ரிஸ்ஸனென்.' கீழே அன்றைய கனம், அன்றைய தேதி.

5. புதன்கிழமைக்குள் புகைக்குழாயை மாற்றுவேன். வியாழன் மதியம் இரண்டு மணிக்கு பிர்ச் விறகு மூட்டுவேன். ஐந்து மணிக்குக் கல் தயாராக இருக்கும்.

6. நகராட்சி ஆள் வந்தால் துரப்பணத்தைக் கையில் கொடுத்து, அவர் காட்டுகிற இடத்தில் அவரையே அளக்கச் சொல்வேன். என்சியோ வந்தால் கடப்பாரையைக் கொடுப்பேன்.

7. வியாழக்கிழமை நீ வராவிட்டால் வெள்ளி காலை மறுபடி வெட்டுவேன். சனி காலையும். ஏணியின் முதல் படியோடு நீ திரும்பிப் போனாலும் மறுநாள் வெட்டுவேன். ஏப்ரலில் பாளம் தானாக உடைகிற வரைக்கும் தினம் நாற்பது நிமிடம்.